போன எலக்ட்ரான் எல்லாம் திரும்பி வருது, அப்புறம் பில் எதுக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்க லோத்குண்டாவில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மழை வந்தால் கரண்ட் போவது வழக்கம்தானே, போயிருந்தது. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தங்கமணி பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். நான் உண்டு என் பேப்பர் உண்டு என்று இருந்தேன்.

பொண்ணு பத்தாவது. இயற்பியல் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ஒரு சர்க்யூட்டுக்கு எனர்ஜி சோர்ஸ் எதுக்கு வேணும்னு எழுதணும்."

"பேட்டரி இல்லாம பல்ப் எரியுமாம்மா? அதான் வேணும்."

"அது ஆன்சர் இல்லப்பா. ஒயர்ல ஏற்கெனவே எலக்ட்ரான் இருக்குன்னு போட்டிருக்கு. பேட்டரி எலக்ட்ரானைத் தயாரிக்கலை. போற எலக்ட்ரான் எல்லாம் திரும்பி வந்துடுது கதா? ஒண்ணுகூட குறையலை. அப்போ பேட்டரி எதைக் குடுக்குது? எது தீர்ந்து போகுது?"

(இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் நடுவில் 'கதா' வந்தே தீரும். நாங்களும் திருத்தி ஓய்ந்துவிட்டோம்.)

நான் பி.காம். பன்னிரண்டாம் வகுப்பிலும் காமர்ஸ்தான். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. 2012இல் இதே கேள்வி வேறு உருவத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாமல் போனதில் அக்காவின் பன்னிரண்டு பவுன் அடகுக்கடைக்குப் போனது. அத்தானும் நானும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. கொசுவத்தியைச் சுற்றும் முன்னால் பொண்ணின் கேள்வியை முடித்துவிடுகிறேன்.

எங்கள் மேல் மாடியில் ஒரு சுபேதார் சார் இருக்கிறார். ஊர் குடியாத்தம் பக்கம். ராணுவத்தில் ஈ.எம்.ஈ. பிரிவு, அதாவது எலக்ட்ரிகல், மெக்கானிக்கல் ஆட்கள். கடைசியாக இங்கே திருமலகிரியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார். செகந்திராபாத் கன்டோன்மென்ட்டைச் சுற்றி இப்படி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள். பஜ்ஜி வாசனைக்கு வந்தாரோ கேள்விக்கு வந்தாரோ தெரியாது, சரியான நேரத்துக்கு வந்தார்.

"சைக்கிள் செயினைப் பாரும்மா" என்றார். "நீ பெடல் மிதிக்கிறே. செயின் சுத்துது. பின் சக்கரம் ஓடுது. பத்து கிலோமீட்டர் போனாலும் செயின்ல ஒரு கண்ணிகூட குறையாது. போன கண்ணி எல்லாம் திரும்பி வந்துடும். அப்போ என்ன குறைஞ்சுது?"

"கால் வலிக்கும் அங்கிள்."

"அவ்வளவுதான். செயின் எலக்ட்ரான். கால் பேட்டரி."

அட, நமக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லையே என்று இருந்தது.

அந்த உதாரணத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெடலை அழுத்திய உடனே பின் சக்கரம் நகர்ந்துவிடுகிறது. பெடல் பக்கத்துக் கண்ணி பின்னால் போய்ச் சேரும்வரை சக்கரம் காத்திருப்பதில்லை. ஒயரிலும் அப்படித்தான். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள தாமிரக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான் சராசரியாக ஒரு மணி நேரத்தில் ஒரு அடிகூட நகராது. ஆமை ஜெயித்துவிடும்! ஆனால் சுவிட்சைப் போட்டதும் லைட் எரிகிறது. கம்பி முழுக்க எலக்ட்ரான் ஏற்கெனவே நிரம்பி நிற்கிறது. சோர்ஸ் தருகிற தள்ளுதல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நகர்த்திவிடுகிறது.

"வீட்டு கரண்ட் அப்படி சுத்தறதுகூட இல்ல" என்றார் சுபேதார் சார். "ஏசி. நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடும். ஆடற தூரம் தலைமுடி தடிமன்ல நூறுல ஒரு பங்கு இருந்தா அதிகம்."

எனக்கு எங்க ஊர் மரக்கடை ஞாபகம் வந்தது. கோவில்பட்டியில் சின்ன வயசில் இரண்டு பேர் பெரிய ரம்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மரம் அறுப்பதை நின்று பார்ப்பேன். ரம்பம் போகும், வரும், போகும், வரும். சாயங்காலம் பார்த்தால் ரம்பம் அதே இடத்தில் இருக்கும். மரம் இரண்டாகியிருக்கும், அந்த இரண்டு பேரின் பனியன் தொப்பலாக நனைந்திருக்கும். கூலி ரம்பத்துக்கா கொடுத்தார்கள்?

எங்கள் வீட்டு வாசலில் ஓடும் ராஜீவ் ரஹதாரி நேராகக் கரீம்நகர் தாண்டி ராமகுண்டம் வரை போகிறது. அங்கே என்.டி.பி.சி.யின் 2600 மெகாவாட் அனல் மின் நிலையம். என் வீட்டு ஒயரில் இருக்கிற எலக்ட்ரானில் ஒன்றுகூட ராமகுண்டத்திலிருந்து வந்தது கிடையாது. கட்டடத்துக்கு ஒயர் இழுத்த அன்றைக்கே தாமிரத்துக்குள் இருந்தவைதான் இன்றும் அங்கேயே ஆடிக்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து வருவது நிலக்கரி எரிந்த வேலை மட்டும். மாசாமாசம் மீட்டர் எண்ணுவதும் அதைத்தான். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதற்கு அந்த முனையில் அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிய வேண்டும்.

பொண்ணு விடுவதாக இல்லை. "சரி, ஒரு தடவை தள்ளிவிட்டா போதாதா? அதுவா சுத்திக்கிட்டே இருக்கக்கூடாதா?"

இதுதான் அசல் கேள்வி. எங்க அத்தான் கேட்டதும் இதுவேதான்.

2012 தமிழ்நாடு நினைவிருக்கும். சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால், மற்ற ஊர்களில் பத்து, பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேல். அந்த வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் கிரிட் விழுந்து, இரண்டாம் நாள் மட்டும் அறுபது கோடிப் பேருக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்தார்கள் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. தெற்கு தப்பித்தது, ஏனென்றால் அப்போது நம் கிரிட் அவர்களோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31இல்தான் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக இணைத்தார்கள். அதே காரணத்தால் வடக்கே மிச்சம் இருந்தாலும் வேண்டிய அளவு தெற்கே கொண்டுவர முடியாத நிலை. கிரிட் விழாமலே எங்க ஊர் இருட்டாகத்தான் கிடந்தது.

அத்தானுக்குக் கோவில்பட்டியில் மாவு மில். ஏழரை எச்.பி. மோட்டார். மிளகாய், மல்லி, கோதுமை, சீயக்காய் என்று நாள் முழுக்க ஓடிய மில், ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து ஓட்டும் நிலைக்கு வந்தது. டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் அரவைக் கூலி டீசலுக்கே சரியாகப் போனது. அப்போதுதான் ஒரு ஆள் வந்தார். பெயர், ஊர் எல்லாம் வேண்டாம். எரிபொருளே தேவையில்லாத ஜெனரேட்டர் என்றார்.

அமைப்பு ரொம்ப எளிது. ஒரு எச்.பி. மோட்டார். அது பெல்ட் போட்டு ஒரு பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் ஆல்டர்னேட்டரைச் சுற்றும். ஆல்டர்னேட்டரில் வருகிற கரண்ட்டில் ஒரு பகுதி திரும்ப மோட்டாருக்கு, மீதி நமக்கு. ஆரம்பிக்க மட்டும் ஒரு பேட்டரி. சக்கரம் வேகம் பிடித்ததும் பேட்டரி கிளிப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக் காட்டினாராம். ஐந்து நூறு வாட் பல்ப் எரிந்துகொண்டே இருந்ததாம். அத்தான் வாட்சைப் பார்த்திருக்கிறார், எட்டு நிமிஷம்.

எனக்கு போன் வந்தது. நான் ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. "மாப்ள, ஒண்ணே முக்கால் லட்சம். உங்க பேங்க்ல ஒரு லோன் பாருங்க. இல்லேன்னா நீங்க கைமாத்தா குடுங்க, ஆறு மாசத்துல மில்லே சம்பாதிச்சுக் குடுத்துடும்."

நான் என்ன செய்தேன்? பேங்க்காரன் செய்வதைச் செய்தேன். கொட்டேஷன் அனுப்பச் சொன்னேன். லெட்டர்ஹெட்டில் டின் நம்பர் இல்லை. பேட்டன்ட் என்று போட்டு ஒரு நம்பர். பார்த்தால் அது விண்ணப்பம் கொடுத்ததற்கான நம்பர். லோனுக்கு அப்ளிகேஷன் கொடுத்த ரசீதைக் காட்டி லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று சொல்வது போல. (பிற்பாடு தெரிந்துகொண்டேன், நம் நாட்டு 1970 பேட்டன்ட் சட்டத்தில், நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதற்குப் பேட்டன்ட் கிடையாது என்று மூன்றாவது பிரிவிலேயே, முதல் உட்பிரிவாகவே இருக்கிறது. இந்த மாதிரி ஆட்கள் எத்தனை பேர் வந்து போயிருந்தால் அதை முதலில் எழுதியிருப்பார்கள்!)

"பேப்பர் சரியில்லை அத்தான், இது ஏமாத்து வேலை" என்றேன்.

"பேப்பரை விடுங்க மாப்ள. நான் கண்ணால பார்த்தேன். ஏன் ஓடாதுன்னு சொல்லுங்க. கரண்ட்டு திரும்ப மோட்டாருக்கே வருது, அது ஏன் நிக்கணும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 1996இல் மூலிகை பெட்ரோலை நம்பிய தலைமுறை நான். ஏதோ "அதெல்லாம் முடியாது அத்தான்" என்று முணுமுணுத்தேன். பணம் கொடுக்க மனசில்லாமல் சாக்குச் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? அடுத்த வாரம் அக்காவின் நகை அடகுக்கடைக்குப் போனது.

இப்போது சுபேதார் சார் பொண்ணுக்கு விளக்கியதைச் சொல்கிறேன். கம்பிக்குள் எலக்ட்ரான் காலி மைதானத்தில் ஓடவில்லை. தாமிர அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன, அவற்றின் மீது முட்டி மோதித்தான் போகிறது. ஒவ்வொரு மோதலிலும் கையில் இருந்ததைக் கொடுத்துவிடுகிறது. அதுதான் சூடு, அதுதான் பல்பில் வெளிச்சம். தள்ளுவதை நிறுத்தினால் கண் இமைக்கும் முன் ஓட்டம் நின்றுவிடும். இந்தத் தள்ளுதலுக்குத்தான் வோல்ட் என்று பெயர். ஒரு வோல்ட் என்றால் ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் வேலை. ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒவ்வொரு கூலும் கையிலும் ஒன்றரை ஜூல் கொடுத்து அனுப்புகிறது. சுற்றி வரும்போது கை காலி. மறுபடி கொடுக்க வேண்டும். உள்ளே ரசாயனம் தீரும்வரை கொடுக்கும்.

சுற்றி வந்தால் கொடுத்ததும் செலவழிந்ததும் சமமாக இருக்க வேண்டும் என்பது கிர்க்காஃப் விதியாம், 1845. எனக்கு அது டிரையல் பேலன்ஸ்! டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆகாமல் எந்த பிராஞ்சும் கணக்கை மூட முடியாது. இதை முன்னமே யாராவது சொல்லியிருந்தால் நான் சயின்ஸ் குரூப்பே எடுத்திருப்பேன். (தங்கமணி அடுப்படியிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது.)

தடையே இல்லாத கம்பி இருந்தால்? இருக்கிறது. 1911இல் ஹாலந்தில் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைத்தபோது மின்தடை மறைந்ததைக் கண்டார். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தச் சுருளும் அந்த வகைதான். ஒரு தடவை கரண்ட்டை ஏற்றி வளையத்தை மூடிவிட்டால் வருஷக்கணக்கில் அதுபாட்டுக்குச் சுற்றும். பொண்ணு சொன்ன 'ஒரு தடவை தள்ளினா போதாதா' அங்கே நிஜம். ஆனால் அந்த ஒரு தடவைக்கும் சோர்ஸ் வேண்டும். அதைக் குளிராக வைத்திருக்க ஆகும் கரண்ட் பில் தனி. அதோடு அந்த வளையத்திலிருந்து ஒரு பல்பை எரிய வைக்கப் பார்த்தால், பல்ப் எடுத்த அளவு ஓட்டம் குறைந்துவிடும். யாரிடமும் எதையும் வாங்காதவரைதான் அது சுற்றும்.

அத்தான் மெஷினுக்கு வருவோம். மோட்டார் நூறு ஜூல் வாங்கினால் நல்ல நிலையில் எண்பதைச் சக்கரத்துக்குத் தரும். ஆல்டர்னேட்டர் அந்த எண்பதில் எண்பது சதம், அதாவது அறுபத்து நாலைக் கரண்ட்டாகத் திருப்பித் தரும். அடுத்த சுற்றில் நாற்பத்தொன்று. அடுத்ததில் இருபத்தாறு. இத்தனைக்கும் பல்பை இன்னும் மாட்டவே இல்லை. நூறு ரூபாய் டெபாசிட் போட்டால் அறுபத்து நாலு கொடுக்கும் பேங்க்கில் பணத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுத்துப் பணக்காரன் ஆகிறேன் என்பது போல.

"அப்போ எட்டு நிமிஷம் எப்படி எரிஞ்சுது?" பொண்ணு பிடித்துக்கொண்டாள்.

சக்கரம் ஒரு சேமிப்பு, எங்க வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி. இன்வெர்ட்டர் கரண்ட் தயாரிப்பதாக இன்னமும் சிலர் நினைக்கிறார்கள். அது எஃப்.டி.தான், சம்பளம் இல்லை. போட்டதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். சுபேதார் சார் கேட்டார், "சக்கரம் என்ன எடை, எவ்வளவு அகலம்?" இரண்டடி விட்டம் என்று அக்கா எப்போதோ சொன்னது ஞாபகம். எடை நூறு கிலோ, வேகம் நிமிஷத்துக்கு 1500 சுற்று என்று வைத்து, பஜ்ஜி எண்ணெய்க் காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டார். ஐம்பத்தைந்தாயிரம் ஜூல் சொச்சம். ஐந்நூறு வாட்டுக்கு வகுத்தால் நூற்றுப் பதினோரு நொடி. வழியில் எதுவுமே வீணாகாமல் இருந்தால்கூட இரண்டு நிமிஷம் தாண்டாது.

"மீதி ஆறு நிமிஷம் எங்கேயோ ஒளிஞ்சிருக்கு சார்" என்றார்.

ஒளிந்திருந்த இடம் எனக்குத் தெரியும். மெஷின் வந்து இறங்கியது, அடியில் வெல்டு வைத்து மூடிய பெட்டியோடு. திறந்தால் வாரண்டி போய்விடும் என்று எழுதி ஒட்டியிருந்ததாம். மில் மோட்டாரைப் போட்டதும் உம்மென்று ஒரு சத்தம், படுத்துவிட்டது. லைட் மட்டும் போட்டால் இரண்டு மணி நேரம் எரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அந்த ஆள் முதலில் "செட் ஆகணும்" என்றார், பிறகு போனை எடுக்கவில்லை, பிறகு போனே இல்லை. அத்தான் பெட்டியை அறுத்துப் பார்த்தார். உள்ளே இரண்டு லாரி பேட்டரி. இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பன்னிரண்டில் ஏழு பவுனை வட்டி கட்டி மீட்டார்கள். ஐந்து ஏலத்தில் போனது. 2013இல் எங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அக்கா மட்டும் பஸ் ஏறி வந்தாள். பிறகு மருமகள் கல்யாணத்தில் அத்தானும் நானும் பேச ஆரம்பித்தோம். ஆனால் அந்த மெஷினைப் பற்றி மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை இல்லை.

பொண்ணுக்கு இந்த சரித்திரம் எல்லாம் தெரியாதே. நான் சுதாரிப்பதற்குள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். "மாமா, உங்க பழைய மெஷின் சக்கரம் எவ்ளோ வெயிட்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு அத்தான் சிரித்தார். "யாரு, உங்கப்பா கேக்கச் சொன்னாரா?"

"இல்ல மாமா, ஹோம்வொர்க்கு."

அவள் சைக்கிள் செயினில் ஆரம்பித்து அறுபத்து நாலு, நாற்பத்தொன்று வரை அவருக்கு ஒப்பித்தாள். அவர் ஊம் கொட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் நான் போனை வாங்கினேன். "அத்தான், அன்னிக்கு எனக்கு இப்படிச் சொல்லத் தெரியலை" என்றேன்.

"சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன் மாப்ள. பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லாம மில்லு வாசல்ல உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட கணக்கு எடுபடாது. ஆனா ஒண்ணு, நீங்க காசு இல்லேன்னு சொல்லியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்காது. பேப்பர் சரியில்லேன்னு சொன்னீங்க பாருங்க, அதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பும்போது வாட்ஸப்பில் ஒரு படம். மில் தராசில் அந்தச் சக்கரம், துருப்பிடித்து. 94 கிலோ. அளவு நாடா வைத்து இரண்டடி என்று காட்டி இன்னொரு படம். சுபேதார் சாரிடம் காட்டினோம். நூற்று நாலு நொடி என்றார். பொண்ணு அதை மாமாவுக்கு அனுப்பினாள். மத்தியானம் பதில் வந்தது:

"எட்டு நிமிஷம்னு சொன்னதுல முன்னே பின்னே இருக்கலாம். ஆனா ரெண்டு நிமிஷம் இல்ல பாப்பா, நல்லா ஞாபகம் இருக்கு. அத்தை அதுக்குள்ள காபி போட்டுக் கொண்டாந்துட்டா."